காதைப் பொத்தினால் கேட்பது நாதமா?

முகத்துவாரம்:

கொழும்பில் வார இறுதி யோக வகுப்புகள் சிலவற்றில் முதல் நாளே சண்முகி முத்திரை (காது, கண், மூக்கு, வாயை விரல்களால் மூடும் நிலை) பிடிக்க வைக்கிறார்கள். பெருவிரலால் காதை அடைக்கச் சொல்லி, "என்ன கேட்குது?" என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். "கடல் இரையிற மாதிரி" என்று யாராவது சொன்னதும், "அதுதான் அனாகத நாதம், முதற்படி திறந்திட்டுது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். எதுவும் மோதாமல் உள்ளே தானாக எழுவதாக யோக நூல்கள் சொல்லும் ஒலிதான் அனாகத நாதம். இந்த வழக்கம் நிற்க வேண்டும். அதற்காகத்தான் இந்த இழை.

அடைத்த காதுக்குள் எழும் அந்தக் கனத்த உறுமலில் பெரும்பங்கு தசைச் சத்தம். கையை அழுத்திப் பிடிக்கும்போது விரல், முன்கைத் தசைகள் விநாடிக்கு இருபது முப்பது தடவை நுணுக்கமாகத் துடிக்கின்றன. அந்தத் துடிப்பு எலும்பு வழியே உட்செவிக்குப் போகிறது. வில்லியம் ஹைட் வொலஸ்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி 1810 இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். யாரும் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். முழங்கைகளை மேசையில் ஊன்றிப் பெருவிரலால் காதை மெதுவாக அடையுங்கள். மற்ற நாலு விரலையும் இறுக்கி முட்டியாக்கினால் உறுமல் தடிக்கும். தளர்த்தினால் இறங்கும். பிறகு கையை எடுத்துவிட்டு, மருந்துக்கடையில் விற்கும் நுரைச் செருகியைக் காதில் வைத்துக் கேளுங்கள். அந்தக் "கடல்" பெரும்பாலும் வற்றியிருக்கும்.

நூலும் இந்த அவசரத்துக்குத் துணை நிற்கவில்லை. சுவாத்மாராமர் எழுதிய யோக நூலான ஹடயோகப் பிரதீபிகையில் இரண்டாம் உபதேசம் (அத்தியாயம்), 20ஆம் சுலோகம் நாடிசுத்தியின் (மூச்சுப் பயிற்சியால் நாடிகளைத் தூய்மையாக்குவதின்) பலன்களில் ஒன்றாகத்தான் நாதம் வெளிப்படுவதைச் சொல்கிறது. நாடிசுத்திக்கு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும் என்கிறது அதே உபதேசத்தின் 10ஆம் சுலோகம். அந்த மூன்று மாதத்தை விட்டுவிட்டு முதல் ஞாயிற்றுக்கிழமையே நாதத்தைக் கையில் கொடுப்பது எந்தச் சம்பிரதாயம்?

அனாகதம்:

முகத்துவாரம் அண்ணை, நூலை எடுத்தால் முழுசாக எடுக்க வேணும். நீங்கள் இரண்டாம் உபதேசத்தோட நிண்டுவிட்டியள். நாலாம் உபதேசம் 65ஐப் பாருங்கோ. தத்துவம் விளங்கிக்கொள்ள முடியாத பாமரருக்கும் ஏற்றது எண்டு சொல்லித்தான் சுவாத்மாராமர் நாத உபாசனையைத் தொடங்கிறார். அடுத்ததில, ஆதிநாதர் (சிவன்) சொன்ன ஒண்டேகால் கோடி லய வழிகளுக்குள்ள, அதாவது மனசை ஒடுக்கிற வழிகளுக்குள்ள, நாதத்தில மனசைப் பதிக்கிற நாதானுசந்தானம்தான் தலையாயது எண்டு வருது. 82இல, கையால காதைப் பொத்தி எந்த ஒலி கேட்குதோ அதில சித்தத்தை நிறுத்து எண்டு வெளிப்படையாகவே இருக்கு. "எந்த ஒலி" எண்டுதான் சொல்லியிருக்கு. தசையா நரம்பா எண்டு விசாரிச்சிட்டு வா எண்டு இல்லை.

நாதம் எங்க பிறக்குது எண்டது பயிற்சிக்குத் தேவையில்லாத கேள்வி. முதல்ல பருத்த ஒலி, பழகப் பழக நுண்ணிய ஒலி. 87 சொல்லிறதும் அதுதான்: மேகமும் பேரிகையும் கேட்டுக்கொண்டிருந்தாலும் அதுக்குள்ள நுண்ணியதைத் தேடு. அந்தத் தேடல்தான் சாதனை, அதாவது பயிற்சி. தசை உறுமல் மேல நிண்டால் என்ன? அதுக்குப் பின்னால என்ன கேட்குது எண்டு போக வேண்டியதுதான்.

ஆனால் வகுப்புகளில முத்திரையைப் பிழையாகப் பிடிக்கச் சொல்லிக் குடுக்கினம் எண்டதை ஒத்துக்கொள்ளுறன். பெருவிரலைக் காதுத் துவாரத்துக்குள்ள குத்தக் கூடாது. காதுக்கு முன்னால இருக்கிற சின்னக் குருத்தெலும்பு மடிப்பை மெல்ல உள்ள தள்ளி மூடினால் காணும். ஆள்காட்டி விரல் மூடின இமைக்கு மேல. கண்மணியை அழுத்தாமல் மயிர்க்கால் ஓரத்தில தொட்டும் தொடாமலும் இருக்க வேணும். நடுவிரல் மூக்கின் பக்கத்தில, மோதிர விரல் மேலுதட்டில, சுண்டுவிரல் கீழுதட்டில. மூக்கை மூடிக் கும்பகம் பிடிக்கிறது, அதாவது மூச்சை அடக்கிறது, பழகினவைக்கு. புதுசாக வாறவை நடுவிரலைச் சும்மா வைச்சுக்கொண்டு மூச்சை விட்டபடியே இருக்கட்டும்.

முழங்கைதான் எல்லாரையும் கெடுக்கிறது. தூக்கிப் பிடிச்சால் ஐந்து நிமிசத்தில தோள் எரியும், விரல் நடுங்கும், நீங்கள் சொன்ன உறுமல் இரட்டிப்பாகும். முன்னால ஒரு மேசை வைச்சு, அதுக்கு மேல தலகணி அடுக்கி, முழங்கை தோளுக்குக் கொஞ்சம் கீழ நிக்கிற மாதிரி ஊன்ற வேணும். குனிஞ்சு போனால் உயரம் காணாது, தோள் காதுக்கு ஏறினால் உயரம் கூடிப்போச்சு. பத்து நிமிசத்துக்கு மேல தொடக்கத்தில வேண்டாம்.

செவிநரம்பு:

கண்ணைப் பற்றி முதலில் ஒன்று. கண்மணியை அழுத்தினால் உள்ளே வெளிச்சப் பொட்டுகள் தெரியும்; சிலர் அதை "ஜோதி" என்று நம்பி இன்னும் அழுத்துகிறார்கள். அழுத்தம் விழித்திரையைத் தூண்டுவதால் வரும் வெளிச்சம் அது. கண்ணை அழுத்துவது இதயத் துடிப்பை மந்தமாக்கும் அனிச்சைச் செயலையும் எழுப்பும். கண் அழுத்த நோய் உள்ளவர்கள், அண்மையில் கண் சத்திரசிகிச்சை செய்தவர்கள் சண்முகியில் கண்ணைத் தொடவே கூடாது. தொடுவில்லை போடுபவர்கள் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

இனி ஒலிக்கு வருகிறேன். தசைச் சத்தத்தைக் கழித்துவிட்டாலும் மிஞ்சுவதை உடனே நாதம் என்று சொல்ல முடியாது. 1953 இல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், கேட்டலில் குறை சொல்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் சுமார் ஐந்து நிமிடம் இருத்தி, என்ன கேட்டாலும் சொல்லச் சொன்னார்கள். 94 சதவீதத்தினர் ஏதோ ஒரு ஒலியைச் சொன்னார்கள்: ரீங்காரம், இரைச்சல், சில்வண்டு, மணி. யோகம் பழகியவர்கள் என்று அவர்களைத் தெரிவு செய்யவில்லை. வெளிச்சத்தம் இல்லாதபோது செவி நரம்புப் பாதையின் இயல்பான துடிப்பே ஒலியாக உணரப்படும் என்பதுதான் இதற்கான விளக்கம். நூல்கள் சொல்லும் சிலம்பும் மணியும் வண்டும் இந்தப் பட்டியலோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன. கேட்டவர்கள் பொய் சொல்லவில்லை. அது எல்லாச் செவியிலும் உள்ளது என்பதுதான் செய்தி.

வகுப்பு நடத்துபவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்தான் ஆபத்து. சில ஒலிகளைத் தியானப் பொருளாக எடுக்கக் கூடாது, வைத்தியரிடம் எடுத்துப் போக வேண்டும்:

நாடித் துடிப்போடு ஒத்து "தும் தும்" என்று நாளெல்லாம் கேட்பது. ஒரே காதில் மட்டும் விடாமல் கேட்பது. தலைச்சுற்று அல்லது கேட்டல் குறைவோடு சேர்ந்து வருவது. ஓரிரு நாளில் ஒரு காது திடீரென்று மந்தமானால் அதை ஒரு கிழமை பார்ப்போம் என்று தள்ளக் கூடாது. ஸ்டீராய்ட் சிகிச்சை முந்தத் தொடங்கினால்தான் பலன் கூட, இரண்டு கிழமை கடந்தால் வாய்ப்புச் சுருங்கிவிடும். அதிக அளவு ஆஸ்பிரின், குயினைன், ஜென்டாமைசின் ஊசி போன்றவையும் காதிரைச்சல் தரும். காதுக் குறும்பி அடைத்திருந்தாலும் கேட்கும். ஈ.என்.டி. கிளினிக்கில் காதைப் பார்த்து, கேட்டல் சோதனை ஒன்றும் செய்துவிட்டு வந்து உட்காருவதில் எந்தச் சாதனையும் கெட்டுவிடாது.

வலச்செவி:

வட இந்தியச் சந்த் (ஞானியர்) மரபில் இதைச் சுரத் சப்த யோகம், அதாவது கவனத்தை உள்ளொலியோடு இணைக்கும் யோகம், என்போம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மேலே எழுதிய நீங்கள் எல்லாரும் ஒரு படியை விட்டுவிட்டீர்கள். ஒலியைத் தேடி நேரடியாகக் காதுக்குப் போவதே பிழை. முதலில் நாம ஜெபம். கவனம் இரு புருவத்துக்கும் நடுவே குவிந்து, உடம்பு மறக்கத் தொடங்கிய பிறகுதான் கேட்பதற்கான ஆசனம். உட்காரும் நேரத்தில் பெரும்பங்கு ஜெபத்துக்கே. குவியாத மனதோடு காதைப் பொத்தினால் செவிநரம்பு அக்கா சொல்லும் இரைச்சல்தான் கேட்கும், அதில் எனக்கு மறுப்பில்லை.

அடுத்தது பக்கம். இடப்பக்கம் கேட்பதை எங்கள் மரபில் பின்தொடர்வதில்லை. வலப்பக்கம் கேட்பதில் தொடங்கி, அது நடுவுக்கு வந்து உச்சிப் பக்கமாக ஏறும்வரை அதிலேயே நிற்க வேண்டும். ஹடயோகப் பிரதீபிகையும் (4:67) நாதபிந்து உபநிடதமும் வலக்காதையே சொல்கின்றன. வெவ்வேறு மரபுகள் ஒரே காதைச் சுட்டுவதை வெறும் தற்செயல் என்று விட முடியுமா?

செவிநரம்பு:

வலக்காதைப் பற்றி ஒரு தகவல் உண்டு. 1978 இல் டேவிட் கெம்ப் என்ற ஆய்வாளர் லண்டனில், உட்செவி தானே ஒலி எழுப்புகிறது என்பதை நுண்ணிய ஒலிவாங்கி கொண்டு காட்டினார். எந்தத் தூண்டலும் இல்லாமல் தானாக எழும் இந்த ஒலி இடக்காதைவிட வலக்காதில் அதிகமானோருக்கும், ஆண்களைவிடப் பெண்களில் அதிகமானோருக்கும் பதிவாகிறது. ஆனால் பெரும்பாலானோருக்குத் தங்கள் காது எழுப்பும் அந்த ஒலி கேட்பதே இல்லை. ஆகவே வலக்காது மரபுக்கு இதைச் சான்றாக நீட்டாதீர்கள், மறுப்பாகவும் நீட்டாதீர்கள்.

கடலோரம்:

நடைமுறைக் கேள்வி. வெள்ளவத்தைத் தொடர்மாடி. காலி வீதியில பஸ், மற்றப் பக்கம் ரயில், விடிய பாட்டுப் போட்டுப் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ. ஃபான் இல்லாமல் இருக்கவே ஏலாது. இதுக்குள்ள உள்ளொலி எது வெளியொலி எது எண்டு எப்பிடிப் பிரிக்கிறது?

அனாகதம்:

தம்பி, கேரண்ட சம்ஹிதை எண்ட யோக நூல் பிராமரியை (வண்டு போல முரலிற மூச்சுப் பயிற்சியை) பாதி இரவு கழிஞ்ச பிறகு, பிராணிகளின்ர சத்தம் இல்லாத இடத்தில செய் எண்டு சொல்லுது. கொழும்புக்கு அதை மூண்டு மணியிலயிருந்து நாலரை வரைக்கும் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அதுக்குப் பிறகு பாங்கு, பன்சலையில பிரித் ஓதல், காகம், ரயில் எல்லாம் ஒண்டுக்குப் பின் ஒண்டாகத் தொடங்கும். கடல் பக்க அறையை விட்டிட்டு உள்பக்க அறையில இருங்கோ. அலைச் சத்தம் எல்லாச் சுருதியிலயும் பரவின இரைச்சல், நுண்ணிய ஒலியை அது மூடிப்போடும்.

ஃபானை நிப்பாட்ட ஏலாட்டில் அதின்ர சத்தத்தை முதல்ல அடையாளம் காணுங்கோ. எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதால மோட்டர் உறுமல் 100 ஹேர்ட்ஸில நிக்கும். தாழ்ந்து, மாறாமல், சுவரிலயிருந்து வாற மாதிரிக் கேட்கும். சோதனை லேசு: தலையை மெல்ல இடம் வலம் திருப்புங்கோ. வெளிச்சத்தம் எண்டால் காதுக்குக் காது அளவு மாறும். உள்ளொலி தலையோட கூடவே வரும், மாறாது. பல்லை இறுக்கிக் கடிச்சுப் பாருங்கோ, ஒலி உயர்ந்து தாழ்ந்தால் அது தாடைத் தசையோட பிணைஞ்சது. அதைத் தெரிஞ்சுகொண்டு தாடையைத் தளர விடுங்கோ. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டக் கூடாது.

முதல்ல பிராமரி ஐஞ்சு சுற்று. மூக்கால நிறைய இழுத்து, வாய் மூடி, வண்டு போல ஒரே சுருதியில, பத்துப் பதினைஞ்சு விநாடி வரைக்கும் விட வேணும். தொண்டையை இறுக்கினால் சுருதி ஆடும். முடிஞ்சவுடன அவசரப்பட்டுக் காது குடுக்காமல் ஒரு நிமிசம் சும்மா இருங்கோ. பிறகு கேட்கிற எல்லாத்தையும் மொத்தமாகக் கேட்டு, அதுக்குள்ள உரத்ததை விட்டிட்டு அதுக்குப் பின்னால நிக்கிற ஒண்டைப் பிடியுங்கோ. புருவம் சுருங்குதா, மூச்சு நிண்டுபோகுதா எண்டு அடிக்கடி கவனியுங்கோ. மூச்சை அடக்கினால் காதுக்குள்ள இரத்த ஓட்டம் உரத்துக் கேட்கும், அதை முன்னேற்றம் எண்டு நினைக்கிறவை கனபேர்.

செவிநரம்பு:

"ஒரு நிமிசம் சும்மா இருங்கோ" என்றது சரியான ஆலோசனை. காதிரைச்சல் உள்ள பலருக்கு, வெளிச்சத்தம் ஒன்று சற்று நேரம் ஒலித்து நின்றதும் இரைச்சல் சில விநாடி முதல் ஒரு நிமிடம்போல் தணிந்துவிடும். பிராமரியின் முரல்வும் அப்படி வேலை செய்யக்கூடும். "முரன்றதும் நாதம் போய்விட்டது" என்று கலங்குபவர்கள் கொஞ்சம் பொறுத்தால் திரும்பி வரும்.

செருகி பாவிக்கப் போகிறவர்களுக்கு: விரல்களால் உருட்டி மெல்லிதாக்குங்கள், மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுங்கள், உள்ளே விட்டு அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். அரைகுறையாக வைத்தால் சொந்தக் குரலும் மூச்சும் பானைக்குள் பேசுவது போல் முழங்கும்; ஆழமாக நின்றால் அது குறையும். கழற்றும்போது சுழற்றி மெல்ல எடுங்கள். இந்த ஊரின் வெக்கையும் ஈரமும் காதுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தோதானவை. கடலில் குளித்துவிட்டு ஈரக் காதில் வைக்க வேண்டாம், நல்லெண்ணெய் விட்டுவிட்டும் வேண்டாம். அழுக்கான செருகியை எறிந்துவிடுங்கள்.

நாதாந்தம்:

இவ்வளவு நேரமும் ஒலி எங்கிருந்து வருகிறது, எந்தக் காதில் வருகிறது என்றே பேசுகிறோம். சைவ சித்தாந்தம் படித்தவர்கள் நிறைந்த ஊரில் அடிப்படைக் கேள்வியை ஒருவரும் எழுப்பவில்லையே.

சித்தாந்தம் எண்ணும் முப்பத்தாறு தத்துவங்களில் (மாயையிலிருந்து தோன்றும் அடிப்படைக் கூறுகளில்) நாதமும் ஒன்று. சுத்த மாயையிலிருந்து முதலில் தோன்றுவது. எவ்வளவு தூயதானாலும் அது சடம் (அறிவற்ற பொருள்), சிவம் அன்று. வைகரி, மத்திமை, பைசந்தி, சூக்குமை என்று வாக்கு எவ்வளவு நுணுகிப் போனாலும் மாயையின் எல்லைக்குள்தான். நாதத்தைக் கடந்த நாதாந்தத்தையே நம் மரபு நாடுகிறது. அப்படியிருக்க, "நாதம் திறந்துவிட்டது" என்று ஒருவரை மகிழச் செய்வது வாசற்படியைச் சன்னிதி என்று காட்டுவதாகும்.

இரண்டாவது, படிநிலைகள். மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ் என்று பத்து ஒலிகளைத் திருமந்திரம் மூன்றாம் தந்திரம் சொல்கிறது. அங்கே ஏறுவரிசை எதுவும் இல்லை. பணிந்தவர்க்கே கிட்டும் என்ற நிபந்தனை மட்டுமே உண்டு. அம்ச உபநிடதமும் பத்தைச் சொல்கிறது. அதில் மேக முழக்கம் பத்தாவது. ஒன்பதையும் விட்டு அதையே பயில வேண்டும் என்கிறது. பிரதீபிகை (4:85) கடலையும் மேகத்தையும் தொடக்கத்தில் வைக்கிறது. கிண்கிணி, குழல், வீணை, வண்டு அதற்குக் கடைசி. ஒன்றில் முடிவு, மற்றொன்றில் தொடக்கம்! போதாததற்கு, அதே பிரதீபிகை ஆரம்ப நிலையை விளக்கும்போது (4:70) அணிகலன் கிலுங்கும் ஒலி முதலில் கேட்கும் என்கிறது. வகுப்புகளில் சுவரில் ஒட்டும் "நாதப் படிநிலை அட்டவணை" எந்த நூலின்படி?

அனாகதம்:

ஐயா, வாசற்படி எண்டு சொல்லிறியள், சரி. வாசற்படியில கால் வைக்காமல் சன்னிதிக்கு எப்பிடிப் போறது? பிரதீபிகையும் நாதத்தில முடியேல்லை. ஒலி இருக்கும்வரை ஆகாச எண்ணமும் இருக்கும், ஒலியற்றதுதான் பரப்பிரமம் எண்டு நாலாம் உபதேசம் 101இல வருது. நாதத்தைப் பிடிக்கிறது மனசை ஒடுக்க. மனசு ஒடுங்கினால் நாதமும் ஒடுங்கும். நீங்கள் நாதாந்தம் எண்டுறதும் சுவாத்மாராமர் நிசப்தம் எண்டுறதும் தத்துவக் கணக்கில வேறாக இருக்கலாம், உட்கார்ந்து பழகிறவனுக்கு வழி ஒண்டுதான்.

வரிசை முரண்பாட்டைப் பற்றி: ஆரம்பம், கடம், பரிசயம், நிஷ்பத்தி எண்ட யோகத்தின்ர நாலு நிலையும், உடம்புக்குள்ள இருக்கிறதாக நூல் சொல்லிற பிரம்ம, விஷ்ணு, உருத்திர முடிச்சுகளோட சேர்த்துச் சொன்னது. 85, 86 சொல்லிறது ஒரு அமர்வுக்குள்ள பருமையிலயிருந்து நுண்மைக்குப் போற போக்கு. இரண்டும் வேற கணக்கு, ஒண்டோட ஒண்டைப் போட்டு முரண் எண்டக் கூடாது.

நாதாந்தம்:

ஒரு அமர்வு என்று நூலில் எங்கும் இல்லை. அது உங்கள் விளக்கம். அதை விளக்கம் என்று சொல்லிக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபமில்லை. "இன்று சங்கு கேட்டது, ஆகவே நீ நடுப்படியில் நிற்கிறாய்" என்று மாணாக்கருக்கு மதிப்பெண் போடுவதுதான் கேடு. அப்படிச் சொன்ன மறுநாளே அவர் சங்கைக் கேட்கத் தவிக்கிறார். தவிப்பில் எந்த இரைச்சலும் சங்காகிவிடும். பிரதீபிகை (4:90) தேன் குடிக்கும் வண்டு மணத்தை நாடாது என்கிறது. பெயர்ப்பட்டியலைத் துரத்தும் மனம் மணத்தை நாடும் வண்டு.

முகத்துவாரம்:

நாதாந்தம் ஐயாவின் கடைசி வரிகள்தான் என் முறைப்பாட்டின் மையம். ஒலிக்குப் பெயர் சூட்டி அதைத் தகுதிச் சான்றிதழாக்குகிறார்கள்.

அனாகதம், 4:65ஐ நீங்கள் எடுத்தது சரியான எதிர்வாதம். பாமரருக்கும் உரியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பாமரருக்கும் உரியது என்பது ஆயத்தமின்றித் தொடங்கலாம் என்றாகாது. என் நிலைப்பாடு இதுதான்: முதல் மூன்று மாதம் காதை அடைக்கவே வேண்டாம். நாடிசுத்தி காலை மாலை; எண்ணிக்கையில்லாத, அடக்காத மூச்சு. பிறகு பிராமரி. அதன் பின் திறந்த காதோடு, இரவு அமைதியில், என்ன இருக்கிறது என்று கேட்பது. திறந்த காதில் கேட்பவருக்குத் தசை உறுமல் குறுக்கே வராது, முழங்கைத் தொல்லையும் இல்லை.

அனாகதம்:

திறந்த காதோட கொழும்பில? அதுக்குத்தான் நூல் பொத்தச் சொல்லுது. 83இல, பழகினால் வெளிச்சத்தம் மூடுப்பட்டுப்போகும், பதினைஞ்சு நாளில மனச்சிதறல் எல்லாம் அடங்கும் எண்டு வாக்குறுதி இருக்கு. அதுக்குப் பிறகு கையை எடுங்கோ. கையை எடுக்கவே கூடாது எண்டு ஆரும் சொல்லேல்லை. மூண்டு மாதம் காதை மூடாமல் வைச்சிருந்தால் வாறவையில பாதிப்பேர் "ஒண்டும் கேட்கேல்லை" எண்டு போயிடுவினம்.

முகத்துவாரம்:

போகட்டும். ஒன்றும் கேட்காதவருக்குக் கடல் கேட்டதாகச் சொல்லிப் பிடித்து வைப்பதைவிட அது நல்லது.

கடலோரம்:

இன்னொரு கேள்வி. பழகத் தொடங்கிய பிறகு படுக்கப் போகேக்கையும் ஒலி விடாமல் கேட்குது, நித்திரை குழம்புது எண்டு ஆட்கள் சொல்லுறதைக் கேள்விப்பட்டிருக்கிறன். அது முன்னேற்றமா, வருத்தமா?

செவிநரம்பு:

முக்கியமான கேள்வி. காதிரைச்சலைத் துன்பமாக்குவது பெரும்பாலும் அதன் உரப்பு அல்ல. அது ஆபத்து என்று மூளை முடிவுகட்டுவதுதான். பயம் கூடினால் கவனம் அங்கேயே ஒட்டும், ஒட்டினால் உரத்துக் கேட்கும், உரத்துக் கேட்டால் பயம் கூடும். 1990 இல் ஜாஸ்ட்ரெபோவ் என்ற ஆய்வாளர் முன்வைத்த கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது. ஆகவே ஒருவர் ஏற்கெனவே பதற்றக்காரர், நித்திரை குறைந்தவர் என்றால், தனியாக இருந்து ஒலியை வேட்டையாடுவது அவருக்கு உதவாது.

ஆனால் எதிர்ப்பின்றிக் கேட்பது வேறு விதமாக வேலை செய்கிறது. லண்டனில் காதிரைச்சலால் அவதிப்பட்ட 75 பேரில் நடந்த ஆய்வு 2017 இல் வெளியானது. விழிப்புநிலைத் தியானத்தை அடிப்படையாகக் கொண்ட எட்டுக் கிழமைச் சிகிச்சை, தளர்வுப் பயிற்சியைவிட அவர்களின் துன்பத்தைக் கூடுதலாகக் குறைத்தது. அங்கே இரைச்சலை விரட்டச் சொல்லவில்லை. வந்தால் வரட்டும் என்று உணரப் பழக்கினார்கள். அனாகதம் ஐயாவின் முறை அதற்குக் கிட்ட நிற்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

நடைமுறையில்: பயிற்சி நேரத்தைப் படுக்கையிலிருந்து பிரியுங்கள். படுக்கப் போக முந்தி காதைப் பொத்தாதீர்கள். படுக்கையில் ஃபானின் மெல்லிய சத்தம் இருக்கட்டும், முழு அமைதி வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை கெட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். ஒலி சொல்லாக மாறினால், கட்டளையிட்டால், அன்றே நிறுத்த வேண்டும். அதற்கு மனநல வைத்தியர்.

வலச்செவி:

எங்கள் மரபிலும் சொல் கேட்டால் அதை ஏற்பதில்லை, ஜெபத்துக்குத் திரும்புவோம். இதில் அக்காவோடு முழு உடன்பாடு. ஆனால் ஒலியே செவி நரம்பின் துடிப்பு என்பதோடு கதை முடிந்துவிட்டது என்று ஏற்க மாட்டேன். கண் நரம்பின் துடிப்பு இல்லாமல் யாரும் எதையும் பார்த்ததில்லை. பாதை நரம்பாக இருப்பதால் பாதையில் வருவதும் நரம்பே என்றாகிவிடாது.

செவிநரம்பு:

கண்ணுக்கு எதிரே ஒரு பொருள் இருக்கிறது, அதை இன்னொருவரும் பார்க்கலாம். இங்கே அப்படி ஒன்றைக் காட்ட முடியவில்லை. நம்பிக்கையாக நீங்கள் வைத்திருப்பதை நான் தடுக்கவில்லை. காதில் நோய் இல்லை என்று உறுதி செய்யாமல் அந்த நம்பிக்கையைப் புதியவரின் தலையில் ஏற்றுவதை மட்டும் தடுப்பேன்.

கடலோரம்:

வலக்காது கேளாத ஒருவர் பழக விரும்பினால்? வலச்செவி அண்ணைக்கும் செவிநரம்பு அக்காவுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறன்.

வலச்செவி:

எங்கள் ஆசனத்தில் கவனம் நிற்க வேண்டிய இடம் புருவநடு. வலது என்பது தொடக்கத்துக்கான திசை மட்டுமே. காது கேளாதவருக்கும் அது தடையல்ல. நடுவில் நின்று ஜெபத்தோடு இருக்கட்டும். இடப்பக்கம் கேட்டால் அதன் பின்னால் போகாமல் நடுவுக்குத் திரும்பட்டும்.

செவிநரம்பு:

மந்தமான காதில்தான் உள்ளொலி பெரும்பாலும் உரத்துக் கேட்கும். உட்செவியிலிருந்து வரும் செய்தி குறைந்தால் மூளை தன் ஒலிப்பெருக்கத்தைக் கூட்டிவிடும் என்பது விளக்கம். ஆகவே அவர் காதை அடைக்கவே தேவையில்லை, அடைத்தால் இரைச்சல் தொல்லையாகலாம். கேட்கும் கருவி போடுபவர் என்றால் அமர்வுக்குக் கழற்றலாம், எழுந்ததும் திரும்பப் போட்டுவிட வேண்டும். அமர்வு பத்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். ஒரு காது மட்டும் கேளாமல் போனதற்குக் காரணம் கண்டுபிடித்தாயிற்றா என்பதை முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ஸ்கேன் தேவையா என்று ஈ.என்.டி. வைத்தியர் சொல்லட்டும், முத்திரை அதுவரை பொறுக்கும்.

அனாகதம்:

பத்து நிமிசம், கை இல்லாமல், பிராமரி மூண்டு சுற்றோட. அதுக்கு நானும் சம்மதம். முகத்துவாரம் அண்ணை, மூண்டு மாதக் கணக்கில மட்டும் நான் இறங்கி வரேல்லை எண்டதை எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ.